உத்தியோகமும் இரண்டாவது கடையும்

சொந்தத் தொழிலில் வீழ்ந்த ஒருவர் மீண்டும் ஓர் உத்தியோகத்தை நாடிச் சென்றால், அவரை இரண்டு முறை தோற்றவராகக் கருதும் வழக்கம் நம்மிடையே வளர்ந்து வருகின்றது. கடையை மூடியது முதலாவது தோல்வியாம். பிறரிடம் சம்பளத்துக்கு அமர்ந்தது இரண்டாவது தோல்வியாம். "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்ற பழமொழியைப் போற்றி வளர்ந்த சமூகம் நமது சமூகம். அதே சமூகத்தின் பேரப்பிள்ளைகள் இன்று உத்தியோகத்தை இழிவாகவும் சொந்தத் தொழிலை வீரமாகவும் பேசக் கேட்கின்றோம். அன்று தராசின் ஒரு தட்டுத் தாழ்ந்திருந்தது. இன்று மற்றைய தட்டுத் தாழ்ந்திருக்கின்றது. நிறை சரியாயிற்று என்று எவரும் கூறுவதற்கில்லை.

இணையத்தின் வழியாக வியாபாரம் நடத்தி, நட்டமடைந்து, கடனோடு ஓர் உத்தியோகத்தில் அமர்ந்து, அந்த உத்தியோகம் விட்டுவைத்த நேரத்தில் அதே வியாபாரத்தை மீளக் கட்டியெழுப்ப முயல்வோரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன். இவர்கள் பெரும் வணிகர்கள் அல்லர். புடைவை, பனம்பொருள், கைவினைப் பண்டம், புத்தகம் என ஏதோவொன்றைக் கைத்தொலைபேசியின் துணையோடு விற்பவர்கள். இவர்கள் உத்தியோகத்துக்குத் திரும்பியதைப் பின்வாங்கல் என்று சொல்வது தவறு என்பது எனது கருத்து. இரண்டாவது முயற்சிக்கு வேண்டிய முதல்களுள் மிக உறுதியானது மாதச் சம்பளமே. அச்சம்பளத்திலிருந்து மிஞ்சும் சில ஆயிரம் ரூபாவை மனத்திற் கொண்டு நான் இதனைக் கூறவில்லை. கெட்ட வியாபாரத்தை மறுத்துவிடும் உரிமையைச் சம்பளம் தருகின்றது. அந்த உரிமையையே முதல் என்கின்றேன்.

நீண்ட காலம் கணக்கியல் கற்பித்தவன் என்ற முறையில், என்னிடம் பயின்ற ஒருவரின் அனுபவத்தை வாசகர் முன் வைக்கலாம் என எண்ணுகின்றேன். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆந் திகதி நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. கடைகள் மூடிக்கிடந்த அந்த மாதங்களில் அவர் யாழ்ப்பாணத்தில் தம் வீட்டிலிருந்தபடியே தமிழ் நூல்களை இணையத்தின் மூலம் விற்கத் தொடங்கினார். வாசிப்பதற்கு மக்களுக்கு நேரம் இருந்தது. வாங்குவதற்குக் கடைகள் இல்லை. வியாபாரம் விரைவாக வளர்ந்தது. மறு ஆண்டில் அவர் தம் உத்தியோகத்தை விட்டார். நண்பர்களிடம் கடன் பெற்றார். பதிப்பாளர்களிடம் தவணைக்கு நூல்களை எடுத்தார்.

அதன் பின்னர் 2022 வந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் தாள் இல்லாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை நீண்டது. ஏப்ரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் விலை சில வாரங்களில் 360 ரூபாவை எட்டியது. எரிபொருள் இல்லாதபோது பொதிகள் எவ்வாறு ஊர் சேரும்? நூல் வாங்குவோரின் கையிலிருந்த பணம் அரிசிக்கும் எரிவாயுவுக்கும் போயிற்று. ஆண்டு முடியுமுன் கடை மூடப்பட்டது. அவர் கொழும்பிலுள்ள ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு இலிகிதராகச் சேர்ந்தார்.

இந்த வீழ்ச்சிக்கு நாட்டின் நெருக்கடியே காரணம் என்று முடித்துவிட்டால் கதை எளிதாகிவிடும். நெருக்கடி அவரை வீழ்த்தியது உண்மை. ஆயினும் பின்னர் அவர் தம் பழைய கணக்குப் புத்தகங்களை என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது, நெருக்கடிக்கு முன்பே அக்கடையின் அடித்தளத்தை நீர் அரித்துக்கொண்டிருந்ததை இருவரும் கண்டோம். அந்த நீரின் பெயர், பொருளைக் கையளிக்கும்போது பணம் பெறும் முறை.

நம் நாட்டின் இணைய வியாபாரத்திற் பெரும்பகுதி இம்முறையிலேயே நடைபெறுகின்றது. வாங்குபவர் முற்பணம் எதுவும் தருவதில்லை. பொதி வாசலுக்கு வந்த பின்னரே பணம் கொடுப்பார். மனம் மாறினால், வீட்டில் இல்லாவிட்டால், கையிற் பணம் இல்லாவிட்டால், பொதி திரும்பிவிடும். அனுப்பிய செலவும் திரும்பிய செலவும் விற்பவர் தலையில் விழும். மாணவர்களுக்கு விளங்கும்படி ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு நூலின் விற்பனை விலை 1000 ரூபா. கொள்விலை 750 ரூபா. ஒன்றுக்கு 250 ரூபா மிச்சம். நூறு பேர் கட்டளையிடுகின்றனர். எண்பது பேர் பொதியை ஏற்று, கூரியர் கட்டணத்தையும் சேர்த்துப் பணம் தருகின்றனர். இருபது பேர் திருப்பிவிடுகின்றனர். எண்பது நூல்களில் மொத்த மிச்சம் 20,000 ரூபா. திரும்பிய பொதி ஒன்றுக்குப் போகவரச் செலவு 400 ரூபா என்றால், இருபதுக்கும் 8000 ரூபா. பொதி கட்டும் செலவு ஒன்றுக்கு 50 ரூபா வீதம் நூறுக்கும் 5000 ரூபா. ஒரு கட்டளையைப் பெறுவதற்கு விளம்பரத்துக்கு 100 ரூபா வீதம் 10,000 ரூபா. செலவின் கூட்டுத்தொகை 23,000 ரூபா. நூல் ஒன்றுக்கு 250 ரூபா இலாபம் என்று மகிழ்ந்திருந்தவர், நூறு கட்டளைகளின் முடிவில் 3000 ரூபா நட்டத்தில் நிற்கின்றார்! திரும்பிவந்த நூல்களின் மடிந்த மூலைகளையும், கூரியரிடமிருந்து பணம் வந்துசேரக் காத்திருக்கும் நாட்களையும் நான் இதில் சேர்க்கவில்லை.

இனி மற்றொரு கணக்கைப் பார்க்கலாம். பணத்தை முன்கூட்டியே வங்கியிற் செலுத்தியவர்களுக்கு மட்டுமே நூல் அனுப்பப்படும் என்று விற்பவர் விதிக்கின்றார். விளம்பரத்தையும் நிறுத்திவிடுகின்றார். நூறு கட்டளைகள் நாற்பதாகக் குறைகின்றன. நாற்பதில் மிச்சம் 10,000 ரூபா. பொதி கட்டும் செலவு 2000 ரூபா. கையில் நிற்பது 8000 ரூபா. வியாபாரம் பாதிக்கும் கீழே சுருங்கியது, நட்டம் இலாபமாயிற்று.

இவ்வளவு எளிதான கணக்கை அவர் முதலிலேயே போட்டிருக்கக்கூடாதா என்று வாசகர் வினவலாம். போடத் தெரியாதவர் அல்லர் அவர். ஆனால் வீட்டு வாடகையும் பிள்ளையின் பால்மாவும் கடையின் வருமானத்தையே நம்பியிருக்கும்போது, நூறு கட்டளைகளில் அறுபதை வேண்டாமென்று தள்ளுவதற்கு எவருக்குத் துணிவு வரும்? இந்த வாரம் கைக்கு வரும் பணமே அவருக்குத் தெரியும். மாத முடிவில் வரும் நட்டம் தொலைவில் இருக்கும். வயிறு அவசரப்படுத்தும்போது அறிவு பின்னுக்கு நிற்கின்றது. இன்று அவரது வீட்டுச் செலவைச் சம்பளம் தாங்குகின்றது. ஆகவே நாற்பது கட்டளைகளோடு அமைதியாக இருக்க அவரால் முடிகின்றது. 2024இல் அவர் கடையை மீண்டும் தொடங்கியபோது, என்ன மாற்றம் என்று கேட்டேன். "சேர், இப்ப நான் ஏலாது எண்டு சொல்லப் பழகியிருக்கிறன்" என்றார். நான் மேலே உரிமை என்று கூறியது இதனையே.

பெருமுதல் இருந்தாலும் இந்த விதிக்கு விலக்கில்லை. அமெரிக்காவில் வளர்ப்புப் பிராணிகளுக்கான பொருள்களை இணையத்தில் விற்ற பெட்ஸ்.கொம் நிறுவனம் 2000ஆம் ஆண்டு பெப்ரவரியிற் பங்குச் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது. மளிகைப் பொருள்களை வீடு தேடிக் கொண்டுசென்ற வெப்வான் நிறுவனம் 2001 ஜூலையில் வங்குரோத்தடைந்தது. வாங்குவோர் இல்லாமல் இவை அழியவில்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் ஆகும் செலவு அதனால் வரும் வருமானத்தை விஞ்சியிருந்த நிலையிலேயே விரைந்து பெருக முயன்று அழிந்தன. நட்டத்தில் நடக்கும் கடை பெரிதாகும்போது நட்டமும் பெரிதாகின்றது.

உத்தியோகத்தோடு தொழில் தொடங்குவோர் அரைமனத்தர் என்றும், அவர்களால் உருப்படியாக எதையும் செய்ய முடியாது என்றும் மேடைகளிலே முழங்குவோர் உளர். அவர்கள் ஓர் ஆய்வை நோக்குவது நன்று. அமெரிக்காவிலே ஜோசப் ரஃபீ, ஜீ ஃபெங் என்னும் ஆய்வாளர் இருவர், 1994 முதல் 2008 வரையான தரவுகளை ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். உத்தியோகத்தை உடனே துறந்து தொழிலில் இறங்கியோரைவிட, உத்தியோகத்தில் இருந்தவாறே தொழிலைத் தொடங்கிப் பின்னர் அதற்கு முழுமையாக மாறியோர் தொழிலைக் கைவிடும் அபாயம் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது என்பது அவர்களது முடிவு. காரணம் விளங்கக் கடினமானதன்று. சிறு அளவிற் செய்து பார்ப்பவர் சிறு செலவிலே கற்றுக்கொள்கின்றார். உதவாதெனக் கண்டால் பெருஞ்சேதமின்றி விலகியும் விடுகின்றார்.

வீழ்ந்தெழுபவருக்குக் கற்றல் மட்டும் போதாது. பழைய கடன் ஒன்று அவர் முதுகில் இருக்கின்றது. இங்கேதான் பலர் மீண்டும் வழுக்குகின்றனர். புதிய கடையின் வருமானத்தைக் கொண்டு பழைய கடனை அடைத்துவிடலாம் என்று எண்ணுகின்றனர். கேட்பதற்கு நேர்மையான எண்ணமே. ஆயினும் அதன் விளைவு யாது? இப்போதுதான் முளைத்த கன்றிலே அறுவடைக் கணக்குப் பார்ப்பதாக முடியும். கடன்காரரின் தவணை நெருங்க நெருங்க, மறுத்துவிட வேண்டிய கட்டளைகளையும் ஏற்க நேரும். மறுபடியும் விளம்பரம், மறுபடியும் கடன். எனவே இரண்டு ஏடுகள் வேண்டும். பழைய கடன் சம்பளத்திலிருந்து, மாதந்தோறும் ஒரு நிலையான தொகையாக அடைக்கப்பட வேண்டும். புதிய கடை தன் சொந்த மிச்சத்திலேயே வளரவோ தளரவோ வேண்டும். என் மாணவர் பதிப்பாளர்களுக்கும் நண்பர்களுக்கும் எழுத்தில் ஒரு தவணை அட்டவணை கொடுத்தார். சிறிய தொகைதான். எனினும் மாதம் தவறாமல் அத்தொகை வந்துகொண்டிருப்பதைக் கண்ட பதிப்பாளர் சிலர், அவர் கேளாமலே மீண்டும் நூல் தர முன்வந்தனர். போன பணத்தைத் தேடுவதற்கு முன்னர், போன நம்பிக்கையைத் தேடவேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மற்றொன்றும் உண்டு. முதற் கடை ஒரு சமூக ஊடகப் பக்கத்தில் இருந்தது. அப்பக்கத்தைப் பின்தொடர்ந்த பல்லாயிரவர் தம் வாடிக்கையாளர் என்று அவர் எண்ணியிருந்தார். கட்டணம் செலுத்தி விளம்பரஞ் செய்வதை நிறுத்திய மாதமே அவரது அறிவித்தல்கள் அவர்களிற் பெரும்பாலோரைச் சென்றடையவில்லை. நிலம் பிறருடையது, அவர் அதிலே கொட்டில் போட்டிருந்தார். இம்முறை அவர் முதலிற் செய்த வேலை, நூல் வாங்கியவர்களின் முகவரிகளை அவர்களது சம்மதத்தோடு தம் சொந்த ஏட்டிற் பதிந்துகொண்டதுதான். முந்நூறு பேர்கூட இல்லை. யார் வரலாறு வாசிப்பவர், யார் சிறுகதை வாசிப்பவர், எந்தப் பாடசாலை நூலகத்துக்கு எந்த மாதத்தில் நிதி வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சில நூறு பிரதிகளே அச்சாகும் நம் நூல்களுக்கு இந்த ஏடு போதும்.

இங்கு ஓர் ஆட்சேபம் எழலாம். பெருஞ்செயல் புரிந்தவர்கள் உத்தியோகத்தை உதறியவர்கள் அல்லரோ? ஆறுமுக நாவலர் 1848இல் மிஷன் பாடசாலை உத்தியோகத்தைத் துறந்தபின் அன்றோ வண்ணார்பண்ணைப் பாடசாலையும் அச்சுக்கூடமும் தோன்றின? உண்மை. அத்துறவை நான் வணங்குகின்றேன். ஆனால் நாவலர் இல்லறத்தை ஏற்காதவர். அவரது பணியும் இலாபம் நோக்கியதன்று. அவரையடுத்து நம் மண் தந்த மற்றொரு பெரியாரையும் நினைத்தல் வேண்டும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னை அரசாங்கத்தின் கணக்குத் துறையிலே உத்தியோகம் பார்த்தவர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு 1868இல் அவர் பதிப்பித்தபோது உத்தியோகத்திலேயே இருந்தார். 1881இல் வீரசோழியமும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887இல் கலித்தொகையும் வெளிவந்தன. பகலெல்லாம் அரசாங்கக் கணக்கு, எஞ்சிய பொழுதில் ஏட்டுச் சுவடி என்று வாழ்ந்த ஒருவரை அரைமனத்தர் என்று கூற எவருக்கேனும் நாவெழுமா?

ஆயினும் சம்பளத்தின் நிழலிலே தொழில் வளர்ப்போர் மதிக்கவேண்டிய எல்லைகள் உள. காரியாலய நேரம் காரியாலயத்துக்கே உரியது. மேசைக்குக் கீழே கைத்தொலைபேசியை வைத்துக் கட்டளைகளுக்கு விடையளிப்பவர், தமக்கு முதல் தரும் இடத்திலேயே திருடுகின்றார். அரச ஊழியராயின், வேறு தொழில் புரிவது பற்றிய விதிகளை அறிந்து, வேண்டிய அனுமதியைப் பெற்ற பின்னரே இறங்குதல் வேண்டும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்வதும் தவிர்க்கத்தகாத கடமை. என் மாணவர் புதன், சனி ஆகிய இரு நாட்களில் மட்டுமே பொதி அனுப்புகின்றார். வாடிக்கையாளருக்கு அதனை முன்னரே அறிவித்தும் இருக்கின்றார். இரண்டு நாள் காத்திருக்க இயலாத வாசகர் மிகச் சிலரே.

இதனினும் பெரிய எல்லை ஒன்று வீட்டுக்குள்ளே இருக்கின்றது. கணவர் காரியாலயத்தில் இருக்கும் வேளையிலே கட்டளைகளைக் குறித்துவைப்பவர் யார்? பொதி கட்டுபவர் யார்? பல வீடுகளில் அது மனைவியாகவோ தாயாகவோ இருக்கும். பேரேட்டிலே கூரியருக்கு ஒரு பக்கம் உண்டு. ஒட்டுநாடாவுக்குக்கூட ஒரு வரி உண்டு. அந்தப் பெண்ணின் உழைப்புக்கு வரியே இல்லை. இது கணக்கியலின்படி பிழை. அறத்தின்படி அதனினும் பெரும் பிழை. அவ்வுழைப்புக்கு ஒரு தொகையை எழுதிப் பார்த்த பின்னரும் கடை இலாபத்தில் நின்றால் அது கடை. நில்லாவிட்டால், ஒருவரின் உறக்கத்தையும் மற்றொருவரின் ஓய்வையும் விலைக்கு விற்கும் ஏற்பாடு அது. அத்தகைய கடையை மூடிவிடுவதே மேல்.

இவ்வளவும் கூறியபின், இரட்டை உழைப்பைப் புகழ்பாடுவதாக என்னை எவரும் எண்ணலாகாது. 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் ஆண்டுக்கு ஆண்டு 70 சதவீதத்தை அண்மித்தது. சம்பளங்கள் அந்த வேகத்தில் உயரவில்லை. அதன்பின் இரவு நேரத்திலே கேக் செய்து விற்கவும் மாலையில் முச்சக்கரவண்டி ஓட்டவும் இறங்கிய ஆசிரியர்களையும் இலிகிதர்களையும் நான் அறிவேன். அவர்களை முயற்சியின் திருவுருவங்கள் என்று பாராட்டிவிட்டு நகர்வது சமூகத்துக்கு எளிது. எட்டு மணித்தியால உழைப்பு ஒரு குடும்பத்தைக் காக்கப் போதாத நிலை ஏன் வந்தது என்ற வினாவை அப்பாராட்டு மூடிவிடுகின்றது. விரும்பி இரண்டாவது கடையைத் திறப்பவர் வேறு. வேறு வழியின்றித் திறப்பவர் வேறு. முன்னவருக்குக் கணக்கு வேண்டும். பின்னவருக்கு முதலில் வேண்டுவது நியாயமான சம்பளம்.

முடிவாக, இப்பக்கங்களைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இலக்கிய அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் வாசகர்கள் மட்டுமல்லர், வாடிக்கையாளர்களும் ஆவீர்கள். நான் போட்ட உதாரணக் கணக்கிலே பொதியைத் திருப்பிவிட்ட அந்த இருபது பேர் கெட்டவர்கள் அல்லர், நம்மைப் போன்றவர்களே. ஒரு மாலை நேரத்து உற்சாகத்திற் கட்டளையிட்டு, மறுநாள் அதனை மறந்துவிட்டவர்கள். வாசலில் நின்று "வேண்டாம், கொண்டுபோங்கோ" என்று நாம் சொல்லும் ஒரு வார்த்தை, இரண்டு நூல்களின் மிச்சத்தை விழுங்கிவிடுகின்றது என்பதை அறிவோமாக. தமிழ் நூல் விற்பவரிடம் முற்பணம் செலுத்தி வாங்குங்கள். கட்டளையிட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். வீழ்ந்து மீண்டும் எழும் ஒருவர் பகலில் உத்தியோகத்துக்குப் போகின்றார் என்று கேள்விப்பட்டால் இரங்க வேண்டாம். அவரது கணக்கு ஒழுங்காக இருக்கின்றதா என்று மட்டும் கேளுங்கள். ஒழுங்காக இருந்தால் அவர் உங்கள் நம்பிக்கைக்கு உரியவர்.